வேலி ஊரைச் சுற்றி நிற்கட்டும்

மாசியில் நெற்கதிர் முற்றும் நாட்களில் கருவலகஸ்வெவ, வண்ணாத்திவில்லு, நவகத்தேகம பக்கத்து விவசாயிகளில் பலர் வீட்டில் படுப்பதில்லை. வயலோரத்து மரத்தில் கட்டிய பரணிலும் தகரம் போட்ட காவல் குடிலிலும் இரவைக் கழிக்கிறார்கள். கையில் டோர்ச், பக்கத்தில் இரண்டு மூன்று யானை வெடி, அணையவிடாமல் புகைந்துகொண்டிருக்கும் ஒரு கட்டை நெருப்பு. பெரும்போகத்துக்கு வாங்கிய கடன், பசளைக் கணக்கு, அடகுக் கடையில் கிடக்கும் மனைவியின் நகை எல்லாம் அந்த மூன்று நான்கு வாரக் காவலில்தான் தங்கியிருக்கின்றன. அலியன் யானை ஒன்று இறங்கி ஓர் இரவு மேய்ந்தால் தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம் என்று விடியும்போது வயல் சேறாகக் கிடக்கும். தென்னை வைத்தவருக்கு இன்னும் மோசம். நெல் அடுத்த போகத்தில் வரும். ஐந்தாறு ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த பிள்ளைத் தென்னையின் குருத்தை யானை உருவித் தின்றுவிட்டால், போன ஆண்டுகளை எந்த நட்டஈடும் திருப்பித் தராது.

வண்ணாத்திவில்லுப் பக்கம் முதிய விவசாயி ஒருவரிடம் மின்வேலி உதவவில்லையா என்று கேட்டேன். “அது எங்கட வேலி இல்ல தம்பி, அரசாங்கத்துட வேலி. கம்பி அறுந்தா போன் அடிச்சுச் சொல்லுவோம். ஆக்கள் வந்து கட்டுறதுக்கு ஒரு கிழம போகும். ஆனைக்கு ஒரு ராவு போதும்” என்றார்.

நோய் எங்கே இருக்கிறது என்பதை அந்த மனிதர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். வேலி தவறான இடத்தில் நிற்கிறது. தவறான கையிலும் இருக்கிறது. காட்டைச் சுற்றி யானையை அடைக்கப் போட்ட வேலியைக் கழற்றி, ஊரையும் வயலையும் சுற்றிப் போட வேண்டும். அதைக் காக்கும் பொறுப்பும் உரிமையும் அந்த ஊரவரிடமே இருக்க வேண்டும். புத்தளம் மாவட்டத்தில் யானைக்கும் விவசாயிக்கும் நடக்கும் இந்தச் சண்டையை ஓய வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பார்த்தால் நெஞ்சு பதறும். 2019இல் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அந்த ஆண்டு யானை தாக்கி உயிரிழந்தவர்கள் 120க்கு மேல். இதற்கு மேல் தாங்காது என்று அப்போது பலரும் எழுதினார்கள், பேசினார்கள். 2023இல் யானைச் சாவு 470ஐத் தாண்டியது. மனிதச் சாவு 150ஐத் தாண்டியது. 2011இல் நாடு முழுவதும் நீர்நிலைகளில் காத்திருந்து எடுத்த கணக்கெடுப்பில் கிடைத்த யானைகளின் மொத்தத் தொகையே 5,879தான். இந்தியாவில் நம்மைவிடப் பல மடங்கு யானைகள் உண்டு. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பேர் யானையால் இறக்கிறார்கள். ஆனால் மனிதரோடு மோதி யானை சாவதில் முன்னால் நிற்பது இந்தச் சின்னத் தீவுதான். மனிதச் சாவில் இந்தியாவுக்கு அடுத்த இடம் நமக்கு.

வடமேல் மாகாணத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை முகங்களாகத் தெரியும். கொம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு வளர்ந்த கல்கமுவக் கொம்பனை 2017இல் கொன்றார்கள். துப்பாக்கிச் சூட்டுக் காயத்தோடு வாரக்கணக்கில் துடித்த ‘பாத்திய’ 2025 ஜூலையில் இறந்தது. இரண்டுக்கும் நாடு அழுதது. இரண்டும் வாழ்ந்தது நமக்குப் பக்கத்து மாவட்டமான குருநாகலில். பெயர் வைக்கப்படாத யானைகளும், பத்திரிகையில் ‘விவசாயி பலி’ என்ற இரண்டு வரியோடு முடிந்துபோகிற குடும்பத் தலைவர்களும் இந்த இரண்டு சாவுக்கும் இடையில் எத்தனையோ பேர்.

யானைக்குக் காடு, மனிதனுக்கு ஊர், நடுவே ஒரு வேலி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1950களின் இறுதியிலிருந்து அரசின் யானைக் கொள்கையும் இதுதான்: யானைகளை எல்லாம் சரணாலயங்களுக்குள் துரத்தி, வெளியே வராமல் அடைத்துவிட வேண்டும். அதற்கு முந்திய வரலாறு இதைவிடக் கொடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானையைப் பயிருக்குக் கேடு என்று அறிவித்து, கொன்றவனுக்கு வெகுமதி கொடுத்தது ஆங்கில அரசு. கொல்வதிலிருந்து அடைப்பதற்கு வந்தது முன்னேற்றம்தான். ஆனால் அறுபது ஆண்டுக்கு மேல் முயன்றும் அடைக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்குப் பதில் இருக்கிறது. கலாநிதி பிரித்விராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஊர் ஊராக விசாரித்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அந்த யானை நிலத்தின் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். அதாவது யானை சரணாலயத்தில் வாழ்ந்துகொண்டு எப்போதாவது ஊருக்குள் வந்துபோகும் விலங்கு அல்ல. அதன் வாழ்விடமே பெரும்பாலும் நம் குளக்கட்டு, நம் சேனை, நம் பற்றைக்காடுதான். ஒரு யானைக் கூட்டம் தலைமுறை தலைமுறையாக ஏறத்தாழ ஒரே வட்டாரத்துக்குள் சுற்றி வருகிறது. அந்த வட்டாரத்தின் ஒரு மூலையில்தான் நாம் சரணாலயத்தின் எல்லைக்கல்லை நட்டிருக்கிறோம்.

வில்பத்துவை எடுத்துக்கொள்வோம். 1938இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1,317 சதுர கிலோமீட்டர். புத்தளத்துக்கு வடக்கே கலா ஓயாவைத் தாண்டினால் அதுதான். இவ்வளவு பெரிய காடு இருக்கும்போது யானை ஏன் வயலுக்கு வருகிறது என்று கேட்காத ஊர் இல்லை. பாலையும் வீரையும் கருங்காலியும் ஓங்கி வளர்ந்து நிழல் மூடிய முதிர்ந்த காட்டில் தரைக்கு வெயில் விழாது. வெயில் விழாத இடத்தில் புல்லும் செடியும் குறைவு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீனி வேண்டிய விலங்குக்கு அங்கே சாப்பாடு போதாது. வில்லு எனப்படும் நீர்நிலைகளின் ஓரத்தில் புல் கிடைக்கும். அது அந்தப் பெரிய பரப்பில் சிறு பங்குதான். யானைக்குப் பிடித்தது கைவிட்ட சேனையில் தழைக்கும் இளம் பற்றை, கோடையில் தண்ணீர் வற்றிய குளத்தின் புல்வெளி, அறுவடை முடிந்த வயல். இவையெல்லாம் மனிதன் கை பட்ட இடங்கள். வில்பத்துவுக்குள்ளேயே பொன்பரப்பியில் தோண்டி எடுத்த ஈமத் தாழிகள், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கரையில் மனிதர் வாழ்ந்து மடிந்ததைச் சொல்கின்றன. பள்ளேகண்டல் அந்தோனியார் திருவிழாவுக்கு இன்றும் சனம் அந்தக் காட்டுக்குள்தான் போகிறது. மனிதனும் யானையும் கலந்து வாழ்ந்த நிலத்தின் மேல் கோடு கிழித்தது கடந்த நூற்றாண்டில்தான்.

இந்தக் கோட்டின் மேல்தான் மின்வேலி ஓடுகிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் யானை வேலி போட்டிருக்கிறோம். அதில் பெரும் பகுதி, வனஜீவராசிகள் திணைக்களத்தின் காடு எங்கே முடிகிறதோ அங்கே நிற்கிறது. அதற்கு அப்பால் தொடங்குவதும் பல இடங்களில் காடுதான். அது வேறொரு திணைக்களத்தின் காடு, அவ்வளவே. வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. ஆளரவமே இல்லாத நடுக்காட்டு வேலியைச் சோதித்துப் பார்க்க யானைக்கு இரவு முழுவதும் நேரம் இருக்கிறது. காலால் தூணை மிதித்துச் சாய்க்கும். மரக்கட்டையைத் தூக்கிக் கம்பி மேல் போடும். மழை பெய்து கொடி படர்ந்து கம்பியைத் தொட்டாலே மின்னழுத்தம் இறங்கிவிடும். பற்றரி களவு போகும். சுற்றிப் பார்க்க வேண்டிய உத்தியோகத்தருக்குக் கிலோமீட்டர் கணக்கில் வேலி, ஒரே ஒரு வாகனம், இரவில் நாலு ஊரிலிருந்து நாலு அழைப்பு. உயிரைப் பணயம் வைத்து யானை துரத்தப் போகும் அந்தக் கீழ்நிலை உத்தியோகத்தர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. செய்ய முடியாத வேலையை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம்.

வேலி போடுமுன் யானைகளைத் திரட்டி ஓட்டுவார்கள். நூற்றுக்கணக்கான ஆட்கள், வெடி, சத்தம், வாரக்கணக்கில் துரத்தல். 2006இல் தெற்கே லுணுகம்வெஹெரவுக்குள் அப்படித் துரத்திய கூட்டங்கள் அங்கே தீனி இல்லாமல் எலும்பும் தோலுமாக நின்ற படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இதில் ஓர் அநியாயமும் சேர்ந்திருக்கிறது. துரத்தினால் போவது பெட்டைகளும் குட்டிகளும் உள்ள கூட்டம். வயலில் இறங்குவது பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானை. 1980களில் தென்னிந்தியாவின் சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலைப் பக்கத்தில் ஆராய்ந்த பேராசிரியர் ராமன் சுகுமார் இதைத் தெளிவாகக் காட்டினார். ஆண் யானைக்கு உடல் பெருத்தால்தான் துணை கிடைக்கும். அதற்காக அது ஆபத்தைப் பார்ப்பதில்லை. சத்துள்ள நெல்லைத் தேடி வருகிறது. துரத்தலின்போது அது பற்றைக்குள் ஒளிந்துகொள்ளும், அல்லது அடுத்த நாளே திரும்பிவிடும். பயிரைத் தொடாத தாயும் குட்டியும் வேலிக்குள்ளே பட்டினி; பயிரைத் தின்ற அலியன் வெளியே.

அந்த அலியனை மட்டும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து லொறியில் ஏற்றி வேறு காட்டில் விட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். கழுத்தில் கருவி பூட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. சில யானைகள் நேரே பழைய ஊருக்கே நடந்து வந்தன. சில நிலைகொள்ளாமல் அலைந்து, அதுவரை யானையே காணாத ஊர்களில் புதுத் தொல்லையைத் தொடங்கின. கொண்டுபோய் விட்ட யானைகளால் மனிதரும் செத்தார்கள். அந்த யானைகளும் செத்தன.

வில்பத்துவின் இன்னொரு உயிரான கரடியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் மலைத் தோட்டங்களில் கரடி ஊருக்குள் வந்து கடைக் கதவையும் கோயில் கதவையும் உடைத்து, விளக்கு எண்ணெயையும் தின்பண்டத்தையும் தேடுகிறது. அங்கே தேயிலை விவசாயிக்கு அது அன்றாடப் பயம். நம் கரையில் கரடி அப்படி வயலுக்கு இறங்கும் விலங்கு அல்ல. கறையானும் தேனும் வீரைப் பழமும் அதன் சாப்பாடு; வைகாசி, ஆனியில் பாலை பழுத்தால் மரத்திலேயே கிடக்கும். இலங்கைக் கரடி தனி உபஇனம். ஆயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. தேன் எடுக்கவும் விறகு பொறுக்கவும் காணாமல் போன மாட்டைத் தேடவும் காட்டுக்குள் போகிறவர்தான் அதோடு முட்டுப்படுகிறார். பற்றைக்குள் திடீரென்று மனிதனைக் கண்டால் அது ஓடாது. எழுந்து நின்று முகத்தையும் தலையையும் பிறாண்டிவிடும். கண்ணையோ தாடையையோ இழந்த மனிதர்கள் உலர் வலயக் காட்டோரக் கிராமங்களில் உண்டு. கரடிக்கு வேலி தேவை இல்லை. பாலை மரத்தையும் வீரை மரத்தையும் பலகைக்குத் தறிக்காமல் விட வேண்டும். காட்டுக்குள் போகிறவர்கள் தனியே போகாமல், பேசிக்கொண்டு கூட்டமாகப் போக வேண்டும்.

ஒவ்வொரு விலங்கோடும் உள்ள பிரச்சினை வேறு, தீர்வும் வேறு. அதை மறந்து எல்லாவற்றையும் ‘காட்டு மிருகத் தொல்லை’ என்று ஒரே கணக்கில் எழுதுகிறோம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுவதும் விவசாயிகளை ஐந்து நிமிடம் தோட்டத்தில் நிற்கச் சொல்லி, குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொன்னது அரசாங்கம். விவசாயியின் இழப்பை அரசு கவனிக்கத் தொடங்கியதை நான் வரவேற்கிறேன். ஆனால் எந்த விலங்கு, எந்த மாதத்தில், எந்தப் பயிரில், எங்கிருந்து இறங்குகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் அறிய முடியாது. அதை அறிந்தவர்கள் பரணில் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நம் தரப்புக் கொடுமையையும் பேசாமல் விடக் கூடாது. பூசணிக்குள்ளும் வெள்ளரிக்குள்ளும் வெடிமருந்து வைத்து வீசும் ‘ஹக்க பட்டாஸ்’ எனும் வாய்வெடி காட்டுப்பன்றிக்கென்று வைக்கப்படுகிறது. எடுத்துக் கடிப்பது பல நேரம் யானைக் குட்டி. தாடை சிதறும், நாக்கு கிழியும். குட்டி உடனே சாகாது. தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல், புண்ணில் புழு வைத்து, குளத்து ஓரத்தில் நாட்கணக்கில் நின்று சாகும். தாய் பக்கத்திலேயே நிற்கும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுத்து வயலைச் சுற்றுவதும் அதே போலத்தான்; அதில் யானை மட்டுமா சாகிறது, விடியற்காலையில் வயலுக்குப் போன அயலவரும் சாகிறார். ஆண்டுதோறும் யானைகளைக் கொல்லும் பெரிய காரணங்கள் துப்பாக்கி, இந்தக் கள்ள மின்சாரம், வாய்வெடி ஆகிய மூன்றும்தான். இதைச் செய்கிறவரைச் சட்டம் தண்டிக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் இருபது இரவு கண் விழித்து இருபத்தோராவது இரவில் எல்லாவற்றையும் இழக்கிற ஒருவருக்கு வேறு என்ன வழியைக் காட்டியிருக்கிறோம் என்று கேட்காமல் தண்டிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேறு வழி தூரத்தில் இல்லை. ஆனமடுவவுக்கும் நவகத்தேகமவுக்கும் அப்பால், குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவவில் பத்தாண்டுக்கும் மேலாக நடக்கிறது. பிரித்விராஜ் பெர்னாண்டோ தலைமை தாங்கும் பாதுகாப்பு, ஆராய்ச்சி நிலையம் ஊரவரோடு சேர்ந்து அங்கே இரண்டு வகை வேலி போட்டது. ஒன்று ஊர் வேலி: வீடுகளையும் வீட்டுத் தோட்டங்களையும் சுற்றி நிரந்தரமாக நிற்பது. மற்றது வயல் வேலி: விதைத்ததும் கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுவது.

கழற்றுவதுதான் இதில் நுட்பமான இடம். அறுத்த வயலில் தாளும் புல்லும் கிடக்கும். வேலி இல்லாததால் யானை வந்து மேய்ந்துவிட்டுப் போகும். அது கோடைக்காலம், காட்டில் தீனி குறைந்த நேரம். யானைக்குச் சாப்பாடு, விவசாயிக்கு இழப்பு இல்லை. பழைய சேனை முறையில் இயல்பாக நடந்ததும் இதுவே: மழைக்காலத்தில் நிலம் மனிதனுக்கு, கோடையில் யானைக்கு. அடுத்த போகத்தில் வேலி மறுபடி எழும்பும்.

வேலியைப் பார்ப்பதும் அவர்களே. உங்கள் வயல் முன்னால் உள்ள துண்டு உங்கள் பொறுப்பு. பின்னேரத்தில் புல்லைச் செதுக்கி, மின்னழுத்தத்தைப் பார்த்து, தளர்ந்த கம்பியை இறுக்கிவிட்டு வர வேண்டும். செலவுக்குப் பங்குப் பணம் போட வேண்டும். பக்கத்து வயல்காரர் தன் துண்டைக் கவனிக்காவிட்டால் யானை அந்த வழியாக வந்து உங்கள் நெல்லைத் தின்னும். ஆகவே நீங்களே அவரைப் போய்க் கேட்பீர்கள். எந்தத் திணைக்களத்தாலும் செய்ய முடியாத மேற்பார்வை இது. ஊரை ஒட்டிய வேலியில் வெளிச்சம் இருக்கிறது, நாய் இருக்கிறது, ஆள் இருக்கிறார். நடுக்காட்டில் போல யானை அங்கே சாவகாசமாக நின்று தூணை மிதித்துப் பார்க்காது.

2020இல் அரசாங்கமே பெர்னாண்டோ தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தேசியத் திட்டம் கையளிக்கப்பட்டது. வயல் வேலியைக் கமநலத் திணைக்களமும், ஊர் வேலியைப் பிரதேச செயலகங்களும் முன்னின்று அமைக்க வேண்டும், நடுக்காட்டில் இரு பக்கமும் யானை இருக்கும் வேலிகளை அகற்ற வேண்டும், துரத்துவதை நிறுத்த வேண்டும் என்று அது சொன்னது. அடுத்து உரத் தடை வந்தது, பொருளாதாரம் விழுந்தது, ஆட்சிகள் மாறின. அறிக்கை இருக்கிறது, சில இடங்களில் வேலைகளும் தொடங்கின. ஆனால் யானைச் சாவு உச்சத்தைத் தொட்ட 2023, அந்தத் திட்டம் கையில் கிடைத்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு வந்த ஆண்டு. இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

புத்தளத்துக்கென்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. முதலாவது அருவக்காடு. ஒரு புறம் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் தோண்டும் கிடங்கு. அதே இடத்தில் கொழும்பின் குப்பையைக் கொட்டும் நிலம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 32 பேர் புதைந்த பிறகு, தலைநகரின் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தள்ளி வில்பத்துவின் வாசலில் கொண்டுவந்து போடும் திட்டத்தை முடுக்கிவிட்டார்கள். 2018, 2019இல் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தும் கேட்கவில்லை. குப்பையும் யானையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அம்பாறைப் பள்ளக்காட்டில் பார்த்தோம். எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் அளவில் பொலித்தீன் தின்று செத்தன. செத்த யானையின் வயிற்றைக் கீறினால் சாப்பாடு சுற்றிய தாள்களும் பிளாஸ்ரிக்கும். குப்பை மணத்துக்குப் பழகிய யானை அந்த வட்டாரத்தை விட்டுப் போகாது; அயலிலுள்ள ஊர்களே அதற்கு அடுத்த இடம். அருவக்காட்டைச் சுற்றி ஓட்டையில்லாத வேலி நிற்க வேண்டும். அந்தச் செலவைக் குப்பை அனுப்பும் தலைநகரம் ஏற்க வேண்டும். கரைத்தீவு, சேராக்குளி ஏழைகள் தலையில் அதை ஏற்றக் கூடாது.

இரண்டாவது, காணி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஒதுங்கியது இந்த மாவட்டத்தில்தான். கையில் பையோடு வந்தவர்களுக்குத் தன் வளவைப் பிரித்துக் கொடுத்த ஊர் இது. பிறகு அவர்கள் வடக்கே மீளக் குடியேறத் தொடங்கியபோது ‘வில்பத்துக் காடழிப்பு’ என்ற பேச்சு எழுந்து, நீதிமன்றம் வரை போனது. சூழல் அக்கறையோடு பேசியவர்களும் இருந்தார்கள். காட்டின் பெயரைச் சொல்லி ஓர் இனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்களும் இருந்தார்கள். காணி பிரிக்கும் அரசியல்வாதி யானை நடமாடும் நிலத்தைப் பார்க்காமல் பிரித்தால், நாளை சாகப்போவது அங்கே குடியேறும் ஏழை. ஆகவே எந்த இனத்தவருக்குக் காணி கொடுத்தாலும், யானை நடமாட்ட வரைபடத்தைப் பிரதேச செயலக மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மூன்றாவது, இருட்டு வீதி. புத்தளம் – அனுராதபுரம் வீதியிலும் எழுவன்குளம் போகும் வீதியிலும் அந்தி சாய்ந்தபின் சைக்கிளில், மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு முன்னால் யானை நிற்பது தெரிவதில்லை. கறுத்த உடம்பு, கறுத்த வீதி. தமிழ்நாட்டில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். யானை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவரது சகாக்களும் யானை நிற்கும் இடத்தைத் தினமும் அறிந்து, தோட்டத் தொழிலாளர்களுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓட விடுகிறார்கள். உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை இருந்தால் கைப்பேசி அழைப்பிலேயே அதை எரிய விடலாம். வேலையால் வரும் பெண் தூரத்திலேயே விளக்கைப் பார்த்து நின்றுவிடுகிறாள். அங்கே சாவு குறைந்தது. நம் ஊரிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி உண்டு, கோயில் மணி உண்டு, வட்ஸ்அப் இல்லாத வீடு இல்லை. செலவு மிகக் குறைந்த வேலை இது, நாளைக்கே தொடங்கலாம்.

ஊர் வேலிக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். ஏழை விவசாயி பங்குப் பணம் எங்கே கொடுப்பான் என்கிறார்கள். கடனில் மூழ்கிய விவசாயிக்கு அது பாரம்தான். கம்பியும் சூரிய மின்கலமும் மின்னூட்டியும் அரசு தர வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தவறான வேலிக்குப் பணம் இருந்த நாட்டில் இதற்கு இல்லை என்று சொல்ல முடியாது. தூணும் உழைப்பும் பராமரிப்பும் ஊரவருடையது. ஊரைச் சுற்றி வேலி போட்டால் யானைக்கு நாடு முழுவதையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். விட்டுக்கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? யானை இப்போதே அங்கேதான் இருக்கிறது. வேலி நம் குழந்தை படுக்கும் இடத்துக்கும் நம் நெல்லுக்கும் என்றால் போதும்.

இதற்குப் புதுச் சட்டமோ புது அமைச்சோ தேவை இல்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன் கமக்காரர் அமைப்புகளும் கமநல சேவை நிலைய உத்தியோகத்தரும் நீர்ப்பாசனக்காரரும் கூடிப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்துகிறார்கள். குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்தத் திகதிக்குள் விதைக்க வேண்டும், வாய்க்கால் எப்போது துப்புரவாக்க வேண்டும், மாட்டை எந்த நாளிலிருந்து வயலில் விடக் கூடாது என்றெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அந்த நிகழ்ச்சி நிரலில் இன்னும் மூன்று வரிகள் சேர்ந்தால் போதும்: யானை வேலி எந்தத் திகதியில் எழும்ப வேண்டும், ஏக்கருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் துண்டு யாருடையது. அறுவடைக்குப் பின் கழற்றும் திகதியும் அதே கூட்டத்தில் எழுதப்பட வேண்டும். தப்போவை, இங்கினிமிட்டிய நீரில் பயிர் செய்யும் வயல்களிலும் வண்ணாத்திவில்லுக் குளங்களின் கீழும் வரப்போகும் பெரும்போகத்துக்கே இதைத் தொடங்கலாம். ஐப்பசி மழைக்கு முன் கம்பி வந்து சேர வேண்டும். அதற்கான கட்டளை மாவட்டச் செயலாளரிடமிருந்து ஆவணிக்குள் போக வேண்டும்.